டேர்ன் சீட்டை டீலர் முன்கூட்டியே திறந்துவிட்டார்: கசினோ சொன்ன தீர்ப்பு சரியா?

#1 · ஹட்டன்_ஏஸ்

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை கொழும்பில் ஒரு கசினோவில் நடந்த ஆட்டம் இது. இடத்தின் பெயர் வேண்டாம். எனக்கு வேண்டியது விதி மட்டும். போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதல் மூன்று ஃப்ளொப், நான்காவது டேர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு சுற்றுப் பந்தயம்.

டெக்சஸ் ஹோல்டெம் போக்கர், ஒன்பது பேர் உட்கார்ந்த மேசை, பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன் வைக்கும் கட்டாயப் பந்தயம்) 500–1,000 ரூபாய். என் கையில் இஸ்பேட் ஏஸும் இஸ்பேட் பத்தும். ஃப்ளொப்பில் இஸ்பேட் ராணி, இஸ்பேட் ஆறு, டைமன் இரண்டு விழுந்தன. மூன்றாம் இருக்கைக்காரர் 6,000 வைத்தார். ஆறாம் இருக்கையில் இருந்த நான் கோல் செய்தேன், அதாவது அதே தொகையை வைத்தேன். எட்டாம் இருக்கையில் ஒரு பெரியவர். அவர் வாயைத் திறக்கவில்லை, சீட்டையும் போடவில்லை. சீட்டிரண்டும் உயரமாக அடுக்கிய சிப்புகளுக்கு (பந்தய வில்லைகளுக்கு) பின்னால் மறைந்து கிடந்தன. அவர் ஆட்டத்தில் இல்லை என்று எண்ணிய டீலர், மேசையை ஒரு தட்டுத் தட்டி, மேல் சீட்டைப் பர்ன் செய்துவிட்டு (ஆட்டத்தில் சேராமல் கவிழ்த்து ஒதுக்கிவிட்டு) டேர்னைத் திறந்துவிட்டார். இஸ்பேட் ஏழு.

எனக்கு ஏஸ் உயர்ந்த ஃப்ளஷ், ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. அந்த நேரத்தில் அதை வெல்ல எந்தக் கையாலும் முடியாது. அப்போதுதான் பெரியவர் "நான் இன்னும் ஆடவில்லையே" என்றார். ஃப்ளோர் மேற்பார்வையாளர் வந்தார். இஸ்பேட் ஏழை எடுத்து ஓரமாக வைத்தார். பெரியவரை ஆடச் சொன்னார். பெரியவர் உடனே சீட்டைப் போட்டு விலகிவிட்டார்! அதன் பிறகும் ஏழைத் திருப்பி வைக்கவில்லை. இன்னொரு சீட்டைப் பர்ன் செய்து அடுத்ததைத் திறந்தார்கள்: டைமன் ராணி. மூன்றாம் இருக்கைக்காரர் 15,000 வைத்தார், நான் கோல் செய்தேன். பிறகு இஸ்பேட் ஏழை மிச்சக் கட்டுக்குள் போட்டுக் கலைத்து, வெட்டி, ரிவரைத் திறந்தார்கள். கிளாவர் நான்கு. அவரிடம் ராஜாவும் ராணியும். மூன்று ராணி. பொட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், போய்விட்டது.

என் கேள்வி ஒன்றுதான். எட்டாம் இருக்கைக்காரர் எப்படியும் விலகத்தான் போகிறார் என்று தெரிந்த பிறகும் அந்த ஏழை அங்கேயே விட்டிருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

#2 · நானுஓயா_ரயில்

மூன்றாம் இருக்கைக்காரருக்கு நட்டம். வேறு யாருக்கும் இல்லை. அவரிடம் கேட்டுப் பார்த்தீர்களா?

#3 · பண்டாரவளை_டீலர்

தம்பி, நான் கொழும்பில் மேசையில் சீட்டுப் போடுபவன். உங்கள் மேசையில் இல்லை, அதனால் நிம்மதியாகப் பதில் எழுதலாம்.

தீர்ப்பு சரி. மேற்பார்வையாளர் தன் இஷ்டத்துக்குச் செய்ததல்ல இது. பொப் சியாஃபோன் தொகுத்த போக்கர் விதிகளில் இதே முறைதான் எழுதியிருக்கிறது. 2001இல் அமெரிக்காவில் தொடங்கிய போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் வழிகாட்டலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. முன்கூட்டித் திறந்த டேர்ன் அந்தச் சுற்றுக்கு ஆட்டத்தை விட்டு வெளியே. பாக்கி இருக்கும் பந்தயத்தை முடிக்க வேண்டும். ஒரு சீட்டைப் பர்ன் செய்து, ரிவராக வந்திருக்க வேண்டிய சீட்டை டேர்னாகத் திறக்க வேண்டும். அந்தச் சுற்றுப் பந்தயமும் முடிந்த பின், ஒதுக்கி வைத்த சீட்டை மிச்சக் கட்டோடு சேர்த்துக் கலைத்து, பர்ன் செய்யாமல் ரிவரைத் திறக்க வேண்டும். பர்ன் செய்தவையும் ஆட்டக்காரர் போட்டுவிட்ட சீட்டுகளும் அந்தக் கலைப்பில் சேராது. உங்கள் மேசையில் வரிக்கு வரி அப்படியே நடந்திருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. அவர் விலகினால் சீட்டு நிற்கும், ஆட்டத்தில் தொடர்ந்தால் சீட்டுப் போகும் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். டேர்னில் என்ன விழுந்தது என்று கண்ணால் பார்த்த ஒருவர் கையில் அந்தச் சீட்டின் தலைவிதியைக் கொடுத்ததாகிவிடாதா? அவர் மூன்றாம் இருக்கைக்காரரின் கூட்டாளியாக இருந்தால், 6,000ஐ எறிந்துவிட்டு உள்ளே வந்து உங்கள் ஃப்ளஷைக் கலைத்துவிடுவார். உங்கள் கூட்டாளியாக இருந்தால், பேசாமல் விலகி உங்களுக்குப் பொட்டைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். சீட்டைப் பார்த்த எவருக்கும் அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கக் கூடாது. விதியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் "பின்னால் இருப்பவர்கள் விலகினாலும் அந்தச் சீட்டு நிற்காது" என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

#4 · ஹட்டன்_ஏஸ்

அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் அவர் என் கூட்டாளியும் இல்லை, எதிராளியின் கூட்டாளியும் இல்லை. சீட்டைச் சிப்புக்குப் பின்னால் மறைத்து வைத்தது அவர். பேசாமல் இருந்தது அவர். பார்க்காமல் திறந்தது டீலர். இருவர் செய்த பிழைக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?

#5 · கணக்கு_வாத்தியார் (தலவாக்கலை)

நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள் என்று பார்த்துவிடுவோம். எனக்குச் சூதாட்டத்தில் நாட்டமில்லை. உயர்தர வகுப்புக்கு நிகழ்தகவு கற்பிக்கிறேன். இப்படி ஒரு கணக்குக் கையில் கிடைத்தால் விட மனமில்லை.

ஃப்ளொப் விழுந்தபோது நீங்கள் பார்த்த சீட்டு ஐந்து. பார்க்காதவை 47, அவற்றில் இஸ்பேட் ஒன்பது. டேர்ன், ரிவர் இரண்டில் ஒன்றிலாவது இஸ்பேட் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 35.0. இது எந்தப் பிழையும் நடக்காதபோது.

இப்போது ஏழு திறந்து, ஒதுக்கப்பட்டுவிட்டது. புதிய டேர்னில் இஸ்பேட் வர 46இல் எட்டு, அதாவது 17.4. வராவிட்டால் ரிவர். ஒன்பது பேருக்குப் பதினெட்டுச் சீட்டுப் போனது, மூன்று பர்ன், மூன்று ஃப்ளொப், ஒதுக்கிய ஏழு, புதிய டேர்ன் ஒன்று. கட்டில் எஞ்சுவது 26. ஏழைத் திரும்பப் போட்டால் 27. அதே ஏழு மறுபடி வர 27இல் ஒன்று. மற்ற இஸ்பேட்டுகளையும் சேர்த்தால் ரிவரில் உங்கள் வாய்ப்பு 20.8. வழக்கமான ரிவரில் அது 19.6தான். ஒரு இஸ்பேட் கட்டுக்குள் இருப்பது உறுதியாகத் தெரிவதால் சற்றே கூடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 34.6.

ஆக, விதி உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. ஏழைப் பார்த்த கண்ணுக்குத்தான் எல்லாமே பறிபோனதாகத் தெரிகிறது. 6,000 கோல் செய்தபோது நீங்கள் விலை கொடுத்து வாங்கியது அந்த 35ஐத்தான்.

#6 · நானுஓயா_ரயில்

வாத்தியார் ஐயா, பொட்டை இழந்தவனுக்குப் பின்னம் சொல்லித் தேற்றுகிறீர்களே. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் பாவம்.

#7 · பண்டாரவளை_டீலர்

வாத்தியார் ஐயாவின் கணக்கை அச்சிட்டு எங்கள் ஓய்வறையில் ஒட்ட வேண்டும். நன்றி.

#4க்குப் பதில். டீலர் மேசையைத் தட்டியதற்கும் சீட்டைத் திறந்ததற்கும் இடையில் அந்தப் பெரியவருக்கு வாய் திறக்க நேரம் இருந்ததா? இதுதான் முக்கியம். ஒருவரைத் தாண்டி ஆட்டம் போய், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் பந்தயம் வைத்து, அவ்வளவு நேரமும் அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், அவர் கை உயிரோடு இருக்கிறதா என்பதையே மேற்பார்வையாளர் தீர்மானிக்கலாம். "என்னைத் தாண்டிவிட்டீர்கள்" என்று உடனே சொல்வது தாண்டப்பட்டவரின் கடமை. உங்கள் மேசையில் அவருக்குப் பின்னால் யாரும் ஆடவில்லை, டீலர் வேகமாகத் திறந்திருக்கிறார். அதனால் அவர் பேசாமல் இருந்தார் என்று பிடிக்க முடியாது. சீட்டை மறைத்து வைத்ததற்குப் பிடிக்கலாம். சீட்டும் பெரிய சிப்புகளும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். அதற்கு ஓர் எச்சரிக்கை கொடுக்கலாம், பொட்டை மாற்ற முடியாது.

இன்னொன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. ஆறாம் இருக்கையில் இருந்து பார்த்தால் எட்டாம் இருக்கை தெரியும். டீலரின் கை கட்டின் மேல் போகும்போது "பொறுங்கள், எட்டாம் இருக்கை" என்று மேசையில் யாரும் சொல்லலாம். ஆட்டம் நடக்கும்போது ஒருவருக்கு ஒருவர் ஆலோசனை சொல்லக் கூடாது என்பது உண்மை. ஆனால் நடைமுறைப் பிழையைச் சுட்டுவது ஆலோசனை ஆகாது. டீலர் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஆட்டம் போடுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். கண் ஒருமுறை தவறும்.

#8 · தோட்டத்து_மகன் (பொகவந்தலாவை)

எனக்குப் போக்கர் தெரியாது. ஆனால் இதைப் படித்தபோது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொழுந்து மடுவம் நினைவுக்கு வந்தது. தராசில் கூடையை வைத்தவுடன் கணக்கப்பிள்ளை கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழித்துக்கொண்டு ஓர் எண்ணைச் சொல்வார். அம்மா அந்த இடத்திலேயே "ஐயா, முள்ளைப் பாருங்கள்" என்பார். அடுத்தவரின் கூடை தராசில் ஏறிவிட்டால் பேசிப் பயனில்லை, சொன்ன எண்தான் எண். போக்கரிலும் இப்படி ஒரு எல்லை இருக்கிறதா?

#9 · பண்டாரவளை_டீலர்

இருக்கிறது, தம்பி. கிட்டத்தட்ட அதே இடத்தில்தான்.

பொட் யாருக்கு, எவ்வளவு என்பதில் தகராறு இருந்தால் அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும். டீலர் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கத் தொடங்கினாலோ, கலைக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாலோ புதிய ஆட்டம் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எவ்வளவு நியாயமாக இருந்தாலும் முடிந்த கதைதான்.

சீட்டுப் பங்கிடும்போது நடக்கும் பிழைகளுக்கு எல்லை இன்னும் முன்னால் வந்துவிடும். முதல் சீட்டுத் தவறான இருக்கைக்குப் போனது, ஒருவருக்குச் சீட்டே வரவில்லை, இரண்டு சீட்டு முகம் காட்டிவிட்டது: இவற்றுக்கெல்லாம் ஆட்டத்தை இரத்துச் செய்து மறுபடி பங்கிடலாம். ஆனால் வரிசைப்படி இருவர் ஆடி, அதில் ஒருவராவது சிப் வைத்துவிட்டால் இரத்துச் செய்ய முடியாது. சிப் விழாவிட்டாலும் மூவர் ஆடிவிட்டால் முடியாது. பிளைண்ட் வைப்பது இந்தக் கணக்கில் வராது. சிலர் தங்கள் இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு, நன்றாக இல்லை என்றால் "தவறாகப் போட்டுவிட்டார்" என்பார்கள், நன்றாக இருந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். அவர்களுக்காகவே வந்த எல்லை இது.

#10 · புசல்லாவை_மலர்

நான் முன்பு ஒரு கசினோவின் கமரா அறையில் வேலை செய்தவள். யாரும் அந்தப் பக்கத்தைச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் "கமராவைப் பாருங்கள்" என்பார்கள். கமரா எல்லாம் அறியும் கடவுள் அல்ல. சாதாரண மேசையில் மேலே இருக்கும் கமராவுக்குக் கவிழ்ந்து கிடக்கும் சீட்டின் முகம் தெரியாது. தொலைக்காட்சியில் காட்டும் மேசைகளில் சீட்டைப் பார்க்க வேறு ஏற்பாடு உண்டு. நீங்கள் ஆடும் மேசையில் அது கிடையாது. ஆகவே ஒருவர் கவிழ்த்து வைத்திருந்த கையை டீலர் தவறுதலாகக் கழித்த குவியலுக்குள் தள்ளிவிட்டால், "எனக்கு இரண்டு ஏஸ்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டாலும் எங்களால் உறுதி சொல்ல முடியாது. விதியும் அங்கே இரக்கமற்றது. சீட்டைக் காப்பது சீட்டுக்காரரின் பொறுப்பு. எந்தச் சீட்டு என்று நூறு வீதம் அடையாளம் காண முடியாவிட்டால் அவர் கோல் செய்த பணம் திரும்பாது. அவர் வைத்த பந்தயத்தை இன்னும் யாரும் கோல் செய்யவில்லை என்றால் அதை மட்டும் திருப்பிக் கொடுப்பார்கள். சீட்டின் மேல் ஒரு சிப்பை வைத்தால் இத்தனை சோகமும் இல்லை. குறிப்பாக டீலருக்குப் பக்கத்தில் இருக்கும் முதலாம், ஒன்பதாம் இருக்கைக்காரர்கள் வைக்கத்தான் வேண்டும். அவர் கை வீசும் வழியில்தான் உங்கள் சீட்டுக் கிடக்கிறது.

ஒருமுறை இரவு மூன்று மணிக்கு மேல் எங்களுக்கு அழைப்பு வந்தது. ஒருவர் கடைசியில் இரண்டு சீட்டையும் மல்லாத்தி மேசையில் வைத்திருக்கிறார். ஸ்ட்ரெயிட், வரிசையாக ஐந்து சீட்டு. டீலர் அதைக் கவனிக்காமல் ஜோடி ராஜாவுக்குப் பொட்டைத் தள்ளி, ஸ்ட்ரெயிட்டைக் குவியலில் சேர்த்துவிட்டார். ஆட்டக்காரர் சத்தம் போடவில்லை. டீலரின் கை அடுத்த கலைப்புக்குப் போகும் முன், தன் உள்ளங்கையைப் பொட்டுக்கு மேலே நீட்டி "ஃப்ளோர்" என்று ஒரே சொல்தான் சொன்னார். நாங்கள் படத்தைப் பின்னுக்கு ஓட்டினோம். ஐந்து முதல் ஒன்பது வரை, பளிச்சென்று தெரிந்தது. பொட் அவரிடம் திரும்பியது. மல்லாத்தி வைத்த கை தானே பேசும். வென்ற கையாக இருந்தால் அதை டீலராலும் கொல்ல முடியாது. கையைக் காட்டாமல் "ஸ்ட்ரெயிட்" என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டை எறிபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று: சிப்புகளைப் பொட்டுக்குள் விசிறி எறியாதீர்கள். பிறகு எவ்வளவு வைத்தீர்கள் என்று கமராவில் எண்ணுவது எங்கள் கண்ணுக்குத் தண்டனை.

#11 · நுவரெலியா_சீசன்

நல்ல இழை. ஏப்ரல் சீசனில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஊரே நிரம்பி வழியும்போது நண்பர்கள் ஒரு பங்களாவை எடுத்துத் தங்குவோம். இரவில் போக்கர். சிப்பு மட்டும்தான், பணம் இல்லை (1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தை யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம்). தோற்பவன் காலைச் சாப்பாடு சமைக்க வேண்டும்.

அங்கே ஒரு சண்டை வந்து இன்னும் தீரவில்லை. குளிரில் விரல் விறைத்து, மச்சான் ஃப்ளொப்பில் மூன்றுக்குப் பதில் நான்கு சீட்டைத் திறந்துவிட்டான். நான்காவதாக மேலே ஒட்டிக்கொண்டு வந்த சீட்டு எது என்று எல்லோருக்கும் தெரியும். "அதை எடுத்துப் பர்ன் ஆக்கு" என்றது ஒரு கட்சி. "எல்லாவற்றையும் கலை" என்றது இன்னொரு கட்சி. எது சரி?

#12 · பண்டாரவளை_டீலர்

இரண்டு கட்சியுமே முழுதாகச் சரியில்லை. இரண்டுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் விதிப்படி நான்கையும் கவிழ்த்துக் கலைத்து, மேற்பார்வையாளர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் ஒன்றை எடுப்பார். அது அடுத்த பர்ன். மற்ற மூன்றும் ஃப்ளொப். சியாஃபோனின் விதிப்படி அதிகச் சீட்டு வந்த ஃப்ளொப்பை மறுபடி பங்கிட வேண்டும். எது கூடுதல் சீட்டு என்று தெரிந்தாலும் அப்படித்தான். "எங்களுக்குத் தெரியும், நான்காவதை எடு" என்ற உங்கள் முதல் கட்சியை இரண்டு விதியும் ஏற்கவில்லை. வீட்டு ஆட்டத்தில் எதைப் பின்பற்றினாலும் பரவாயில்லை. ஆட்டம் தொடங்கும் முன் எது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைப் பார்த்த பிறகு பேசினால் ஒவ்வொருவர் வாயிலும் அவரவர் கைக்குத் தோதான விதிதான் வரும்.

பங்கிடும்போது ஒரே ஒரு சீட்டு முகம் காட்டினால் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டு, அவருக்குக் கட்டின் மேல் சீட்டை மாற்றிக் கொடுத்து, முகம் காட்டியதை முதல் பர்ன் ஆக்குங்கள். ஆனால் பங்கிடத் தொடங்கிய முதல் இரண்டு சீட்டில் ஒன்று காட்டினால் மறுபடிதான்.

#13 · மாத்தளை_பெரியவர்

பிள்ளைகளே, நாங்கள் 304 ஆடினோம், ஓமி ஆடினோம். பிழையாகப் பங்கிட்டவனைத் திட்டினோம், சீட்டைச் சேர்த்துக் கலைத்தோம், தேநீர் குடித்தோம். ஒரு சீட்டுக்கு இத்தனை சட்டம் எழுத வேண்டியிருக்கிறது என்றால் நடுவில் பணம் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளூர்க்காரன் உள்ளே நுழைவதற்கே டொலர் கணக்கில் வரி கட்ட வேண்டிய இடத்துக்கு ஏன் போகிறீர்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

#14 · நானுஓயா_ரயில்

ஐயா, 304இல் துருப்பு யாரிடம் என்று எங்கள் சித்தப்பாமார் இரண்டு வருடம் பேசாமல் இருந்த கதை எனக்குத் தெரியும். பணமே இல்லை, மானம்தான் நடுவில் இருந்தது.

சரி, எல்லோரும் பிழையால் இழந்த கதையே சொல்கிறீர்கள். பிழையால் கிடைத்தால்? டீலர் எனக்குக் கூடுதலாக ஒரு 5,000 சிப் தள்ளினால் நான் ஏன் சொல்ல வேண்டும்? கசினோவிடம் இல்லாத பணமா?

#15 · பண்டாரவளை_டீலர்

பலர் பிடிவாதமாக நினைப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

போக்கரில் கசினோ உங்களுக்கு எதிராக ஆடவில்லை. பிளக்ஜாக்கிலும் பக்கராவிலும் நீங்கள் வெல்வது வீட்டின், அதாவது கசினோவின், பணம். போக்கர் பொட்டில் வீடு எடுப்பது ரேக் என்ற சிறு பங்கு மட்டும். மிச்சம் முழுவதும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுடையது. உங்களுக்குக் கூடுதலாக வந்த 5,000 பெரும்பாலும் பக்கத்து இருக்கைக்காரரின் பையிலிருந்து வந்ததுதான். இருவர் பங்குபோட வேண்டிய பொட்டில் இது அடிக்கடி நடக்கும். ஒருவர் குறைந்த சிப்போடு ஓல்-இன் போய் (இருப்பதை எல்லாம் வைத்து), மற்ற இருவர் மேலும் பந்தயம் வைத்தால் அந்த இருவருக்கு மட்டும் உரிய பக்கப் பொட் ஒன்று பிரியும். அந்த இடத்தில்தான் டீலருக்குக் கை நடுங்கும். முதன்மைப் பொட்டில் போக வேண்டியது பக்கப் பொட்டில் போய்விடும். ஓல்-இன் போனவர் பொட் தள்ளும் முன்னே தன் தொகையை எண்ணச் சொல்ல வேண்டும். யாரும் கோபிக்க மாட்டார்கள், நாங்கள் உள்ளுக்குள் நன்றிதான் சொல்வோம்.

இதில் ஓர் உறுத்தலான விதியும் இருக்கிறது. எதிராளி எவ்வளவு வைத்தார் என்று கேட்கிறீர்கள், டீலர் 17,000 என்கிறார், நீங்கள் கோல் செய்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் 22,000. நீங்கள் 22,000 கட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்று பார்த்து உறுதி செய்வது கோல் செய்பவர் பொறுப்பு என்பதுதான் அங்கே நிலைப்பாடு. மேற்பார்வையாளர் சூழ்நிலையைப் பார்த்துத் தளர்த்தலாம், அதை எதிர்பார்த்து ஆடாதீர்கள். சிப்பை விரித்து எண்ணச் சொல்லுங்கள்.

#16 · ஹட்டன்_ஏஸ்

டீலர் தொகையைத் தவறாகச் சொல்லி, அதை நம்பி நான் கோல் செய்தால் அதுவும் என் தலையிலா? இது அநியாயம் என்று அடித்துச் சொல்வேன்.

#17 · பண்டாரவளை_டீலர்

சொல்லலாம். மேசையில் இருக்கும் பாதிப் பேர் உங்களோடு நிற்பார்கள். எனக்கும் அந்த விதி முழு மனதோடு பிடிக்காது. ஆனால் மறுபக்கத்தில், டீலர் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு, தோற்றால் "நான் 17,000க்குத்தான் கோல் செய்தேன்" என்பதும் வென்றால் 22,000ஐயும் வாங்கிக்கொள்வதும் நடக்கும். அதை அடைக்க வந்த கதவு இது.

#18 · புசல்லாவை_மலர்

டீலரோடு எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். கமராவில் பார்த்து எனக்கு வயிறு எரிந்த காட்சிகள் எல்லாம் அதுதான். சீட்டை டீலரின் முகத்தை நோக்கி எறிவது, "எங்கே படித்தாய்" என்று கேட்பது. பெண் டீலர் என்றால் இன்னும் மோசம்.

#19 · பண்டாரவளை_டீலர்

டீலருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. அவரோடு வாதாடி வென்றாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. "ஃப்ளோர்" என்று கூப்பிடுங்கள். மேற்பார்வையாளர் வரும்வரை யாரும் சீட்டையும் சிப்பையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதித் தகராறு, வருவதற்குள் யாரோ உதவி செய்கிறேன் என்று சீட்டை ஒதுக்குவதால் வருகிறது. அவர் வந்ததும் முதலில் டீலர் சொல்லட்டும். பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள்: யார் வைத்தார், யார் கோல் செய்தார், எப்போது சீட்டுத் திறந்தது. உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். கோபத்தில் பலர் "எனக்கு ஃப்ளஷ் வந்துவிட்டது" என்று உளறிவிடுவார்கள். ஆட்டம் இன்னும் முடியவில்லை, எதிராளி காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். (ஹட்டன் தம்பி, நீங்கள் சொன்னீர்களா என்று கேட்க மாட்டேன்.)

நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு செய்தி. என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, ஆட்டத்தின் நடுவில் "தம்பி எந்த ஊர், பண்டாரவளையா, என்ன நடந்தது சொல்" என்று தமிழில் கேட்பார்கள். நான் பதில் சொல்லாமல் இருந்தால் தலைக்கனம் என்று நினைப்பார்கள். ஆட்டம் நடக்கும்போது அந்த மேசைக்கு அறிவித்த மொழியில்தான் பேச வேண்டும். எங்கள் மேசையில் அது ஆங்கிலம். நான் உங்களோடு தமிழில் ஒரு வாக்கியம் பேசினால் எதிரில் இருக்கும் வெளிநாட்டுக்காரர் நாம் சீட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று புகார் செய்வார், அவர் புகாரில் தவறும் இல்லை. அதன் பிறகு நான் செய்யும் ஒவ்வொரு பிழையும் உங்களுக்காகச் செய்த பிழையாகிவிடும். ஆட்டம் முடிந்து, நான் உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு மேசையை விட்டு எழுந்த பிறகு பேசுங்கள். ஊர்க்கதை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

#20 · தோட்டத்து_மகன்

இதற்கு மேலே புகார் செய்ய இடமே இல்லையா?

#21 · புசல்லாவை_மலர்

மேற்பார்வையாளருக்கு மேலே பணிமுறை மேலாளர் இருப்பார். அவரிடம் எழுத்தில் கொடுக்கலாம். மேசை எண், இருக்கை எண், நேரம் மூன்றும் இருந்தால்தான் கமராப் பதிவைத் தேட முடியும். "நேற்று இரவு" என்று வந்தால் யாரும் தேட மாட்டார்கள். பதிவை எப்போதுமாக வைத்திருக்க மாட்டார்கள், ஆகவே அன்றைக்கே கொடுங்கள். நாட்டுச் சட்டம் என்று பார்த்தால் 2010இல் கசினோ வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது, 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறியது. ஆனால் ஒரு டேர்ன் சீட்டுக்காக அதுவரை போவது வீண் அலைச்சல். கசினோவின் வீட்டு விதிகளைக் கேட்டு வாங்கிப் படிப்பது அதைவிடப் பயன்.

#22 · ஹட்டன்_ஏஸ்

சரி, தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறேன். வாத்தியார் ஐயாவின் 34.6ஐ ஏற்றுக்கொள்ளத்தான் இன்னும் ஒரு நாள் வேண்டும். ஆனால் ஒரு குறை இருக்கிறது. மேற்பார்வையாளர் ஏன் இப்படிச் செய்கிறோம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் இங்கே எழுதியே இருக்க மாட்டேன். வந்தார், ஏழை எடுத்தார், போனார்.

கடைசியாக ஒரு கேள்வி. இதே பிழை ரிவரில் நடந்தால்?

#23 · பண்டாரவளை_டீலர்

அந்தக் குறை நியாயம். எங்கள் பக்கத்திலும் அதைச் சொல்கிறேன்.

ரிவர் எளிது. ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. டேர்ன் பந்தயம் முடிந்த பின், முன்கூட்டித் திறந்த ரிவரை மிச்சக் கட்டோடு சேர்த்துக் கலைத்து, வெட்டி, பர்ன் செய்யாமல் புதிதாக ஒன்றைத் திறப்பார்கள். ஃப்ளொப் முன்கூட்டித் திறந்தாலும் அப்படியே: பர்ன் சீட்டு இருந்த இடத்தில் இருக்கும், மூன்றையும் கட்டில் சேர்த்துக் கலைத்து மறுபடி ஃப்ளொப். டேர்னுக்கு மட்டும்தான் அந்தச் சுற்றி வளைத்த வழி.

#24 · நானுஓயா_ரயில்

அப்படியென்றால் புசல்லாவை அக்கா சொன்னதுபோல் சீட்டின் மேல் ஒரு சிப், கூடவே எட்டாம் இருக்கையின் மேல் ஒரு கண். சிப்பு இல்லாமல் போன என் போன்றவர்கள் எதை வைப்பது?

#25 · புசல்லாவை_மலர்

வீட்டுச் சாவியை வையுங்கள். அதையாவது வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள்.